நாற்பது டெப், ஒரு வகுப்பறை: கொழும்புப் பாடசாலை ஒன்றின் வைஃபை பற்றிய நிகழ்வு ஆய்வு

முறைப்பாடு இதுதான். தரம் 9 விஞ்ஞான வகுப்பில் டெப்களை (டெப்லெட் கணினிகளை) கொடுத்தால் முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பாடம் திறக்கிறது, பின்வரிசைக்குத் திறப்பதில்லை. சில டெப்களில் பாடசாலையின் வைஃபை பெயரே தெரிவதில்லை, சிலவற்றில் இணைந்துவிட்டது என்று காட்டுகிறது ஆனால் ஒன்றும் வருவதில்லை, இன்னும் சிலவற்றில் பக்கம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாற்பது நிமிடப் பாடவேளையில் பாதி இதிலேயே போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் அலுத்து, கடைசியில் டெப்களை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

பாடசாலை கொழும்பு தெற்கில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிறது. தமிழ் மொழிமூலம், பழைய மூன்று மாடிக் கட்டடம், சுற்றிவர அடுக்குமாடி வீடுகள். பெயர் வேண்டாம். இதே கதை கொட்டாஞ்சேனையிலும் நடக்கிறது, வத்தளையிலும் நடக்கிறது, அதனால் பெயரால் ஆவது ஒன்றுமில்லை. நான் நெட்வேர்க் வேலை செய்பவன், அங்கே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கும் மிஸ் கூப்பிட்டுப் போனேன்.

போனதுமே அதிபர் சொன்னது: “தம்பி, லைன் சரியில்லை. கம்பனிக்கு எத்தனை தரம் கோல் எடுத்தாச்சு. பெரிய பெக்கேஜுக்கும் மாத்தியாச்சு, அப்படியும் அதே கதைதான்.”

லைனில் பிரச்சினை இல்லை. அலுவலகத்தில் ஃபைபர் ரவுட்டரில் நேரடியாகக் கேபிள் குத்தி மடிக்கணினியில் பார்த்தால் காசு கட்டிய வேகம் முழுதாக வருகிறது. அதே வேகம் ஒரு மாடி ஏறி வகுப்பறைக்கு வருவதற்குள் காணாமல் போகிறது. இதை முதலிலேயே உறுதி செய்துகொள்வது முக்கியம், ஏனென்றால் கொழும்பில் எல்லோரும் முதலில் லைனைத்தான் பிடிப்பார்கள், பெக்கேஜ் மாற்றுவார்கள், மாதாமாதம் கூடுதலாகக் கட்டுவார்கள், பிழை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அங்கே என்னென்ன இருந்தன

டெப்கள் மூன்று வழியாக வந்தவை. ஒரு தொகுதி, 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு எல்லாமே சூமுக்குப் போன காலத்துக்குப் பிறகு, பம்பலப்பிட்டியில் மொத்தமாக வாங்கியது. மலிவான அன்ட்ரொயிட் 10, வைஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹேர்ட்ஸை மட்டும் பிடிப்பது. இரண்டாவது தொகுதி கனடாவிலிருந்து பழைய மாணவர்கள் சேர்த்து அனுப்பியது, பாவித்த டெப்கள், அவற்றில் பாதியில் அன்ட்ரொயிட் 6 அல்லது 7. மூன்றாவது, ஒரு பெற்றோரின் ஏற்பாட்டில் வந்த கொஞ்சம் புதியவை, நெரிசல் குறைந்த 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையும் பிடிக்கும்.

நெட்வேர்க் பக்கமும் இதே கலவைதான். கீழே அலுவலகத்தில் லைனோடு வந்த ரவுட்டர். மாடிக்கு ஒன்றாக நல்ல அக்சஸ் பொயின்ட்கள், அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டிகள், அவை ஒரு நன்கொடை. ஆசிரியர் ஓய்வறையில் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து குத்திய பழைய ரவுட்டர். பிள்ளைகள் பாவிக்கும் வைஃபைக்கு எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். இணையத்துக்கு முன்னால், பிள்ளைகள் கண்டதையும் பார்க்கக்கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டு வாங்கிய வடிகட்டி ஒன்று.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் எல்லாம் வேலை செய்கிறது. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டெப்களைக் கொண்டுவந்தவர் ஒரு டெப்பை இணைத்து யூடியூப் ஓட விட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார், அக்சஸ் பொயின்ட் பூட்டியவர் தன் போனில் வேகம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், வடிகட்டி போட்டவர் தடை செய்த தளம் திறக்கவில்லை என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று பேர் காட்டியதும் உண்மை. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தைத் திறக்கும் அந்த ஒரு தருணத்தை மட்டும் யாருமே சோதித்துப் பார்க்கவில்லை. பாடசாலைக்கு வேறு எந்தச் சோதனையும் சோதனை இல்லை.

பின்வரிசைக்கு ஏன் வரவில்லை

முன்வரிசைக்கு வருகிறது, பின்வரிசைக்கு வரவில்லை என்றால் சிக்னல் போதவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். மிஸ்ஸிடம் சொல்லி, பின்வரிசைப் பிள்ளைகளை முதலில் வைஃபையை ஓன் பண்ணச் சொன்னோம். பின்வரிசை முழுக்க இணைந்தது, முன்வரிசையில் கடைசியாக ஓன் பண்ணியவர்களுக்கு இல்லை. அப்படியென்றால் இது தூரத்தின் பிரச்சினை இல்லை, வரிசையின் பிரச்சினை. வகுப்பறை அலுவலகத்துக்கு நேர் மேலே இருப்பதால் டெப்கள் மாடியில் இருக்கும் நல்ல அக்சஸ் பொயின்ட்டை விட்டுவிட்டு கீழே இருக்கும் லைன் ரவுட்டரைப் பிடித்திருக்கின்றன, பெயர் ஒன்றுதானே. அது வீட்டுக்குச் செய்த ரவுட்டர். இந்த வகையில் பலவும் ஒரு ரேடியோவில் 32 கருவிகளுக்கு மேல் ஏற்காது. வகுப்பில் நாற்பது பேர், ஆசிரியரின் போன், அலுவலகத்து போன்கள். கடைசியாக வந்தவருக்குக் கதவு மூடப்படுகிறது, திரையில் அதற்கான காரணம் எதுவும் காட்டாது, ‘இணைக்க முடியவில்லை’ என்று மட்டும் வரும்.

லைன் ரவுட்டரின் வைஃபையை அணைத்தோம். அது லைனை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

உடனே அடுத்தது தலைகாட்டியது. இப்போது கடைசியாக வந்தவையும் இணைகின்றன, ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில டெப்களில் ‘இணைய அணுகல் இல்லை’. மறுபடி அணைத்து ஓன் பண்ணினால் சில தரம் சரியாகிறது, சில தரம் இல்லை. நெட்வேர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கொடுபடும் எண்ணான ஐபி முகவரியைப் பார்த்தால் விளங்கிவிடும்: சரியான டெப்களுக்கு 192.168.1 இல் தொடங்கும் முகவரி, பிழைத்தவற்றுக்கு 192.168.0 இல் தொடங்கும் முகவரி. ஓய்வறையில் இருந்த பழைய ரவுட்டர் தானும் முகவரி பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. அதன் லான் துளையில் கேபிளைக் குத்தியிருக்கிறார்கள், முகவரி பங்கிடும் வேலையான டிஎச்சிபியை அணைக்கவில்லை. டெப் முகவரி கேட்கும்போது எந்தப் பெட்டி முதலில் பதில் சொல்கிறதோ அதன் முகவரியை எடுத்துக்கொள்ளும், ஓய்வறைப் பெட்டி முந்தினால் அந்த டெப்புக்கு அன்றைக்கு நெட் கிடையாது. கொழும்புப் பாடசாலைகளிலும் டியூட்டரிகளிலும் நான் அதிகமாகக் காணும் பிழை இதுதான், கண்டுபிடித்தால் இரண்டு நிமிட வேலை, கண்டுபிடிக்காதவரை மாதக்கணக்கில் ஆட்டிப் படைக்கும். அந்தப் பெட்டியைக் கழற்றியே விட்டோம். கூடவே முகவரி ஒன்றைப் பிடித்து வைத்திருக்கும் காலத்தை 24 மணித்தியாலத்திலிருந்து இரண்டு மணித்தியாலமாகக் குறைத்தோம், ஏனென்றால் காலையில் வந்துபோகும் பெற்றோரின் போனெல்லாம் இருக்கிற இருநூற்றைம்பது சொச்சம் முகவரியில் ஒவ்வொன்றை மறுநாள் வரை பிடித்து வைத்திருந்தன.

கனடா டெப்களுக்கு வைஃபையே தெரியாதது

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் எந்தக் கருவியிலும் கோளாறே இல்லை. மேல் மாடியில் எல்லோருடைய போனுக்கும் தெரியும் வைஃபை பெயர், கனடாவிலிருந்து வந்த டெப்களில் மட்டும் பட்டியலிலேயே இல்லை. டெப் பழுது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இலங்கையில் 1 முதல் 13 வரை சனல்கள், அதாவது அலைவரிசைக்குள் பிரித்த பாதைகள், பாவிக்கலாம். வட அமெரிக்காவில் நடைமுறையில் 1 முதல் 11 வரைதான், அங்கே விற்கும் கருவிகளில் பல 12, 13 ஆம் சனல்களைக் கேட்கவே கேட்காது. மேல் மாடி அக்சஸ் பொயின்ட் சனலைத் தானாகத் தெரிவு செய்யும்படி விடப்பட்டிருந்தது, சுற்றிவர அடுக்குமாடி வீடுகளின் ரவுட்டர்களெல்லாம் 1, 6, 11 இல் நெரிசல் போடுவதைப் பார்த்து அது 13 இல் போய் உட்கார்ந்திருக்கிறது. அதன் பார்வையில் நல்ல முடிவு. ரொறன்ரோவிலிருந்து வந்த டெப்புக்கு அப்படி ஒரு சனலே கிடையாது. சனலை 11 இல் நிலையாக வைத்ததும் அலுமாரியில் இருந்த ‘பழுதான’ டெப்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. வெளிநாட்டிலிருந்து டெப் எடுக்கும் எந்தப் பாடசாலையும் இதை முதலில் பார்க்க வேண்டும், லண்டனிலிருந்து வந்தால் இந்தத் தொல்லை வராது, கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தால் வரலாம்.

அவற்றிலும் மிகப் பழைய சிலது பெயரைக் கண்டும் இணைய மறுத்தன. ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கும். அக்சஸ் பொயின்ட்டில் வைஃபைப் பாதுகாப்பு, பழைய முறை டபிள்யூபிஏ2, புதிய முறை டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலையில் இருந்தது. டபிள்யூபிஏ3 2018 இல் அறிவிக்கப்பட்டது, அதற்கு முன்னர் செய்த கருவிகளும் கலந்த நிலையில் டபிள்யூபிஏ2 வழியாக இணைந்துவிடும் என்பதுதான் ஏற்பாடு, ஆனால் பழைய வைஃபை சில்லுகள் சிலவற்றுக்கு அக்சஸ் பொயின்ட் அந்தக் கலவையை அறிவிப்பதே குழப்பம். அவற்றுக்குத் தனியாக ஒரு பெயர் கொடுத்து வெறும் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மறையாக்கம் மட்டும் வைத்தோம். இங்கே ஒன்று கவனம்: பழையதற்கு உதவி செய்கிறேன் என்று டிகேஐபி என்ற பழைய மறையாக்கத்துக்கு இறங்கிவிடக்கூடாது. அதில் 802.11என் என்ற வைஃபைத் தலைமுறையின் வேகங்களே கிடைக்காது, எல்லாம் 54 மெகாபிட்டோடு நின்றுவிடும், பாதுகாப்பும் போய்விடும்.

அனுமதித்த கருவிகளின் மக் முகவரிப் பட்டியலையும் நீக்கச் சொன்னேன், மக் முகவரி என்பது கருவிக்குள்ளேயே பதிந்து வரும் அடையாள எண். மிஸ் பாவம், ஒவ்வொரு டெப்பின் பின்பக்கத்தில் இருந்த முகவரியையும் கையால் எழுதி, ரவுட்டரில் ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்தார். அன்ட்ரொயிட் 10 இலிருந்து டெப் இயல்பாக நிஜ முகவரியைக் காட்டாது, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் முகவரியை உண்டாக்கி அதைத்தான் கொடுக்கும். அந்தப் பட்டியலால் புதிய டெப்கள் வெளியே நின்றன.

காற்றில் இடம் இல்லை

இவ்வளவும் சரிசெய்த பிறகு நாற்பதும் இணைந்தன, நாற்பதுக்கும் முகவரி கிடைத்தது. அப்புறம் மிஸ் பாடக் காணொளியைத் திறக்கச் சொன்னார், நாற்பது திரையிலும் சுற்றல். உண்மையான பிரச்சினைக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தோம், அதுவரை இருந்தவை அதை மறைத்துக்கொண்டிருந்தன, ஏனென்றால் நாற்பது டெப் ஒன்றாக இணைந்ததே இல்லை.

வைஃபையில் ஒரு சனல் என்பது ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் போன்றது, ஒருவர் பேசும்போது மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ரவுட்டர் அட்டையில் போட்டிருக்கும் வேகம் அந்த அறை முழுவதுக்கும் சேர்த்து. அதுவும் மலிவான டெப்புக்கு அந்த வேகம் கிடைக்காது: ஒற்றை அன்டெனா, 20 மெகாஹேர்ட்ஸ் அகலம், 802.11என் என்றால் உச்சக் கணக்கு 72 மெகாபிட். பேச்சுக்கு முன்னும் பின்னும் போகும் நேரத்தைக் கழித்தால் பயன்படுவது அதில் ஏறக்குறையப் பாதி. அதை நாற்பதால் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைவு. லைன் நூறாக இருந்தாலும் முந்நூறாக இருந்தாலும் இந்தக் கணக்கு அசையாது. அதிபர் பெக்கேஜ் மாற்றியும் ஒன்றும் நடக்காததற்கு இதுதான் காரணம்.

அந்தக் குறைவான இடத்தையும் பாடசாலையே தின்றுகொண்டிருந்தது. அலுவலகம், ஆசிரியர், மாணவர், விருந்தினர் என்று நான்கு வைஃபை பெயர்கள், ஒவ்வொரு அக்சஸ் பொயின்ட்டிலும். ஒவ்வொரு பெயரும் ‘நான் இருக்கிறேன்’ என்று விநாடிக்கு ஏறக்குறையப் பத்துத் தரம் அறிவிக்கும். அந்த அறிவிப்பு எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்று ஆகக் குறைந்த வேகத்தில், வழக்கமாக 1 மெகாபிட்டில், போகும். முந்நூறு பைட் அளவான ஓர் அறிவிப்புக்கு இரண்டரை மில்லிவிநாடி வைத்துக்கொள்ளுங்கள், விநாடிக்குப் பத்து என்றால் ஒரு பெயருக்கு மட்டும் சனலின் நேரத்தில் இரண்டரை வீதம். ஒரே சனலில் கேட்கும் இரண்டு அக்சஸ் பொயின்ட்கள், எட்டுப் பெயர்கள், இருபது வீதம். ஒரு பிள்ளையும் ஒரு பக்கத்தையும் திறப்பதற்கு முன்பே ஐந்தில் ஒரு பங்கு போயாச்சு. இதற்கு மேல் பக்கத்து அடுக்குமாடி வீடுகளின் ரவுட்டர்கள். காலி வீதிக் கரையில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், உருட்டி முடியாது. அவர்களை நாம் ஒன்றும் செய்ய முடியாது, நம்முடையதைக் குறைக்கலாம்.

நான்கு பெயர்களை இரண்டாக்கினோம். ஆகக் குறைந்த வேகத்தை 12 மெகாபிட்டாக உயர்த்தினோம், அறிவிப்புகள் எல்லாம் சட்டென்று முடிந்துவிடும், தூரத்தில் இருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசும் கருவிகளும் விடுபடும். இதனால் வெளியே போனது அலுவலகத்துப் பழைய பிரிண்டர் ஒன்றுதான், அது 11 மெகாபிட்டுக்கு மேல் பேசத் தெரியாத ஆள், அதைக் கேபிளுக்கு மாற்றியாச்சு. சனல்களை 1, 6, 11 என்று மாடிக்கு ஒன்றாகப் பிரித்து, அகலத்தை 40 இலிருந்து 20 மெகாஹேர்ட்ஸாகக் குறைத்து, அக்சஸ் பொயின்ட்களின் பலத்தையும் குறைத்தோம். பலத்தைக் குறைக்கச் சொன்னதும் அதிபருக்கு நம்பிக்கை வரவில்லை, கூட்டினால்தானே நல்லது என்றார். டெப்களை ஒரு தள்ளுவண்டியில் வைத்து மாடிக்கு மாடி கொண்டுபோகிறார்கள். மேல் மாடியில் விழித்த டெப் கீழ் மாடிக்கு வந்தபிறகும் மேலே இருக்கும் அக்சஸ் பொயின்ட்டின் மெல்லிய சத்தத்தையே பிடித்துத் தொங்கும், சத்தம் குறைந்தால்தான் விட்டுவிட்டுப் பக்கத்தில் உள்ளதைத் தேடும். நடைபாதையில் இருந்த அக்சஸ் பொயின்ட் ஒன்றை டெப் பாவிக்கும் வகுப்பறைக்குள்ளேயே மாற்றிப் பூட்டினோம். இந்தக் கட்டடத்தின் சுவர்கள் ஒரு முழம் தடிப்பு, வெளியிலிருந்து உள்ளே வருவதெல்லாம் மிச்சம் மீதிதான்.

புதிய டெப்களை 5 கிகாஹேர்ட்ஸுக்குத் தள்ளிவிட்டோம். அங்கே இடம் நிறைய, சுவர் தாண்டாது என்பது இங்கே நன்மை, பக்கத்து வகுப்பின் சத்தமும் வராது. ஒரு வகுப்பில் பதினைந்து டெப் 5 இல் போனாலே மிச்சம் இருபத்தைந்துக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

இதோடு காணொளி ஓடியதா என்றால், ஓடியது, நாற்பதிலும் ஒன்றாக அல்ல. நாற்பது பேருக்கு நாற்பது தரம் அதே காணொளியைக் காற்றில் அனுப்புவது 2.4 இல் நடக்கிற காரியம் இல்லை. பாடசாலைக்குள்ளேயே ஒரு சிறிய சேர்வர் வைத்தால் தீரும் என்று பலர் சொல்வார்கள், கொலிப்ரி போன்ற இலவசப் பாட மென்பொருளை ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் போட்டால் போதும் என்று. வைக்கத்தான் வேண்டும், நாங்களும் வைத்தோம். ஆனால் அது லைனைத்தான் மிச்சப்படுத்தும், காற்றை மிச்சப்படுத்தாது, சேர்வரிலிருந்து டெப்புக்கு வருவதும் அதே வைஃபை வழியேதான். அதனால் ஒழுங்கை மாற்றினோம்: காணொளி என்றால் புரொஜெக்டரில் ஒரு தரம், டெப்பில் பயிற்சிக் கேள்விகளும் படங்களும். பாடநூல் பிடிஎஃப்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து முன்கூட்டியே இறக்கி டெப்களுக்குள்ளேயே போட்டாச்சு.

இன்னொன்று. டெப்கள் வாரக்கணக்கில் அணைந்து கிடந்து பாடவேளையில் விழித்ததும் ஒவ்வொன்றும் செயலிகளைப் புதுப்பிக்கத் தொடங்கும், நாற்பதும் ஒன்றாக. இரவில் புதுப்பிக்க விடலாம் என்றால் காவலாளி மாலையில் மெயின் சுவிட்சை இறக்கிவிடுகிறார், மின்கசிவுப் பயம், அது நியாயமானது. பாடசாலை ஒன்றரைக்கு முடிந்த பிறகு அலுவலகம் மூடும்வரை டெப்களை ஓன் பண்ணிச் சார்ஜில் போட்டு வைப்பது என்று ஒழுங்கு செய்தோம், பாட நேரத்தில் தானாகப் புதுப்பிப்பதை அணைத்தோம்.

நெட் இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை

ஒகஸ்ட் விடுமுறை முடிந்து முதல் நாள் புது முறைப்பாடு. வைஃபை இருக்கிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்று சிவப்பில் எச்சரிக்கை. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள், ஒரு டீச்சர் வைரஸ் என்று சொல்லி டெப்களை ஒதுக்கிவிட்டார்.

விடுமுறையில் பட்டரி அடியோடு வற்றிய மலிவான டெப்கள் நேரத்தை மறந்துவிடுகின்றன. திகதி எங்கோ பல வருடங்களுக்கு முன்னால் போய் நிற்கும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இந்தத் திகதியிலிருந்து செல்லும்’ என்று சொல்கிறது, டெப்பின் கணக்கில் அந்தத் திகதி இன்னும் வரவில்லை, அதனால் போலி என்று முடிவெடுக்கிறது. சிம் இல்லாத டெப் நேரத்தை இணையத்தில் கேட்டுத்தான் திருத்திக்கொள்ளும், அதற்கு நெட்வேர்க்கில் யூடிபி 123 ஆம் வாசல் (போர்ட்) திறந்திருக்க வேண்டும். வடிகட்டி போட்டவர் வலைப்பக்கங்கள் வரும் 80, 443 தவிர எல்லா வாசலையும் பூட்டியிருந்தார். 123 ஐத் திறந்ததும் டெப்கள் தாமாகவே இன்றைய திகதிக்கு வந்தன. பாதுகாப்பு வேண்டும் என்று பூட்டுபவர்கள் இந்த ஒரு வாசலை விட்டுவைக்க வேண்டும்.

கனடா டெப்களில் திகதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் இதே எச்சரிக்கையைக் காட்டின. அது வேறு கதை. உலகத்தில் ஏராளமான தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழைப் பாவிக்கின்றன. அதன் மூலச் சான்றிதழை, அதாவது மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி தரும் தாய்ச் சான்றிதழை, அன்ட்ரொயிட் 7.1.1 க்கு முந்தியவை அறியாது. பழைய இன்னொரு மூலத்தின் கையெழுத்தைக் காட்டிச் சில வருடங்கள் சமாளித்தார்கள், அந்த ஏற்பாடு 2024 செப்டெம்பர் 30 உடன் முடிந்தது. டெப்பில் எதுவும் மாறவில்லை, ரவுட்டரில் எதுவும் மாறவில்லை, நேற்றுத் திறந்த தளம் இன்றைக்குத் திறக்காது. நன்றாகக் கிடக்கும் டெப்பை அனுப்புகிறோம் என்று நம்பி அனுப்பிய பழைய மாணவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. மூலச் சான்றிதழைக் கையால் நிறுவினால் உலாவியில் தளம் திறக்கும், ஆனால் அன்ட்ரொயிட் 7 இல் எல்லாச் செயலியும் அதை ஏற்காது.

இதே காரணம்தான் வடிகட்டியையும் கவிழ்த்தது. அந்தப் பெட்டி மறையாக்கப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்து மறுபடி தன் சான்றிதழால் மூடி அனுப்பும் வகை. அதன் சான்றிதழை எல்லா டெப்பிலும் நிறுவியிருக்கிறார்கள், குரோமில் எல்லாம் திறக்கிறது, பாடச் செயலி மட்டும் ‘சேர்வரை அடைய முடியவில்லை’ என்று நிற்கிறது. செயலி செய்தவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2016 இல் வந்த அன்ட்ரொயிட் 7 இலிருந்து, பாவனையாளர் கையால் நிறுவிய சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை, செயலியில் விசேடமாக அனுமதித்திருந்தால் ஒழிய. நல்ல காரணத்துக்காகச் செய்த மாற்றம் அது.

அதனால் பிரித்துப் பார்ப்பதை மாணவர் வைஃபையில் நிறுத்தச் சொன்னேன். வடிகட்டலை, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டத்தில் வைத்தோம்: மோசமான தளங்களின் பெயருக்குப் பதில் கிடைக்காது, கூகுள் தேடலைப் பாதுகாப்புத் தேடலுக்கும் யூடியூப்பைக் கட்டுப்படுத்திய நிலைக்கும் டிஎன்எஸ் மூலமே திருப்பிவிடலாம், இரண்டுக்கும் கூகுளே வழி தருகிறது. பெற்றோருக்கு இது போதுமா என்ற கேள்வி வந்தது. வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறார், திரைகள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன, பிள்ளைகளின் பாஸ்வேர்டெல்லாம் திறந்து பார்க்கப்படும் ஒரு பெட்டி நடுவில் இருப்பதைவிட இது நல்லது என்பது என் உறுதியான எண்ணம், கூட்டத்திலும் அதைத்தான் சொன்னேன்.

கரண்ட் போனால்

2022 மார்ச் இறுதியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது, அதனால் அக்சஸ் பொயின்ட்களுக்கு யூபிஎஸ் வாங்கி வைத்திருந்தார்கள். லைன் வந்து விழும் பெட்டிக்கு இல்லை. கரண்ட் போனால் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது, அன்ட்ரொயிட் தன் வழக்கப்படி ஒரு சிறு பக்கத்தைக் கேட்டுப் பார்த்துப் பதில் வராததால் ‘இணையம் இல்லை, இணைப்பில் இருக்கவா?’ என்று கேட்கும். பிள்ளைகள் வேண்டாம் என்று அழுத்திவிடுவார்கள். பாடசாலைக்குள் இருக்கும் சேர்வர் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், டெப் அந்த வைஃபையை விட்டுவிடும். ஒவ்வொரு டெப்பிலும் ஒருதரம் ‘ஆம், மறுபடி கேட்க வேண்டாம்’ என்று கொடுத்து வைத்தோம், லைன் பெட்டியையும் யூபிஎஸ்ஸில் சேர்த்தோம்.

இப்போதைய நிலை

நாற்பது டெப்பும் ஒன்றாக இணைகின்றன, பயிற்சிக் கேள்விகள் எல்லாத் திரையிலும் வருகின்றன. மேல் மாடியில் கடற்கரைப் பக்க மூலை வகுப்பு இன்னும் பலவீனம், அங்கே இன்னொரு கேபிள் இழுக்க வேண்டும், காசு சேரவில்லை. அன்ட்ரொயிட் 6, 7 டெப்களை இணையத்திலிருந்து எடுத்துவிட்டுப் பாடநூல் வாசிக்க மட்டும் தரம் 6 க்குக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு அவை தாராளமாகப் போதும்.

பெரிய பெக்கேஜைப் பழையபடி குறைத்துவிட்டு, அதில் மிஞ்சும் காசைக் கேபிளுக்கு ஒதுக்கலாம் என்று அதிபரிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எடுப்பதாகச் சொன்னார். பழைய மாணவர் சங்கத்துக்கு மிஸ் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அடுத்த தரம் டெப் அனுப்புவதென்றால் கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாம் ஒரே மாதிரியாக இருக்கட்டும், 5 கிகாஹேர்ட்ஸ் பிடிக்க வேண்டும், அன்ட்ரொயிட் 10 க்குக் கீழே வேண்டாம், டெப்பை முன்பு வைத்திருந்த கம்பனி போட்ட நிர்வாகப் பூட்டு அகற்றப்பட்டிருக்க வேண்டும், எல்லாவற்றையும் அனுப்பும் முன் ஒன்றை மட்டும் முதலில் அனுப்புங்கள், இங்கே வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று.